வாசகர் கேள்வி-பதில்: தமிழ்ச் சங்கத் தேர்தலில் சமூக ஊடகப் பொறுப்புக்கு நிற்பவர்களுக்கு

பிரிட்டனில் உள்ள பல்கலைக்கழகங்களில் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் மாணவர் சங்கங்களுக்குத் தேர்தல் காலம். தமிழ்ச் சங்கத்தில் சமூக ஊடகப் பொறுப்பாளராக நிற்க நினைக்கும் மாணவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். இந்தச் சங்கங்கள் பல்கலைக்கழக மாணவர் யூனியனின் கீழ் இயங்குகின்றன. விதிகள் யூனியனுக்கு யூனியன் மாறும். நாங்கள் சொல்வது பரவலான நடைமுறை. உங்கள் சங்கத்தின் விதிமுறைக் கோப்பு வேறு மாதிரிச் சொன்னால் அதுதான் செல்லும்.

கேள்வி: முதலாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை எந்தப் பொறுப்பிலும் இருந்ததில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்து நடத்தும் பொறுப்புக்கு நிற்க ஆசை. எதிலிருந்து தொடங்குவது?
– மாணவி, லெஸ்டர்

பதில்: முதலில் உங்கள் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பதும், பொங்கல் விழாவுக்கு டிக்கெட் வாங்கியதும் உறுப்பினர் கணக்கில் சேராது. பல யூனியன்களில், யூனியன் இணையதளத்தில் உறுப்பினர் கட்டணம் கட்டியவர்தான் நிற்கவும் வாக்களிக்கவும் முடியும். வேட்புமனுப் பக்கத்தைத் திறக்கும்போதுதான் இது பலருக்குத் தெரியவருகிறது. வேறு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே சங்கத்தில் சேர்ந்தவர்களுக்குத் தரும் துணை உறுப்பினர் தகுதிக்குப் பெரும்பாலும் வாக்குரிமை இருக்காது.

அடுத்தது சங்கத்தின் விதிமுறைக் கோப்பு. ஐந்தாறு பக்கம்தான் இருக்கும். அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, சமூக ஊடகப் பொறுப்பு தேர்தலில் நிரப்பப்படுகிறதா, புதிய செயற்குழு தானே நியமிக்கிறதா என்பது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கு மட்டும் தேர்தல் வைத்து, மற்ற பொறுப்புகளுக்குப் பிறகு ஆள் எடுக்கும் சங்கங்களும் உண்டு. இரண்டு, வாக்குப்பதிவு இணையத்திலா, ஆண்டுப் பொதுக்கூட்டத்திலா என்பது. மூன்று, கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை பேர் வரவேண்டும் என்பது. அந்த எண்ணிக்கை சேராவிட்டால் கூட்டமே தள்ளிப்போகும். நீங்கள் தயாரித்த பேச்சும் இரண்டு வாரம் காத்திருக்கும்.

இவை தெரிந்தபின் இப்போது அந்தப் பொறுப்பில் இருப்பவரைப் பார்த்துப் பேசுங்கள். அரை மணி நேரம் போதும். "வேலை எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். கணக்கின் மின்னஞ்சல் யாருடையது, கடைசி மூன்று நிகழ்ச்சிகளுக்கு எத்தனை டிக்கெட் போனது, எந்தப் பதிவை அதிகம் பேர் நண்பர்களுக்கு அனுப்பினார்கள், போஸ்டர் செய்ய விவரம் எத்தனை நாளுக்கு முன்னால் கைக்கு வருகிறது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "முந்தின நாள் ராத்திரி" என்று பதில் வந்தால், உங்கள் தேர்தல் அறிக்கைக்கு முதல் வரி கிடைத்துவிட்டது.

கேள்வி: தேர்தல் அறிக்கைக்கு 200 சொல் வரம்பு. மற்றவர்கள் எல்லோரும் "சங்கத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போவேன்" என்று எழுதுகிறார்கள். நான் என்ன எழுதுவது?
– இரண்டாம் ஆண்டு மாணவர், பர்மிங்காம்

பதில்: ஓர் ஆண்டு கழித்து யாராவது எண்ணிப் பார்த்து "செய்தார்", "செய்யவில்லை" என்று சொல்லக்கூடிய வாக்குறுதிகளை மட்டும் எழுதுங்கள். மூன்று இருந்தால் போதும். அதற்குமேல் வாசிக்கிறவர் மனதில் நிற்காது.

மாதிரிக்கு: "ஒவ்வொரு நிகழ்ச்சி அறிவிப்பும் குறைந்தது 14 நாளுக்கு முன் வரும். எல்லா அறிவிப்பிலும் கட்டடம், அறை எண், நுழைவு வாசல், கட்டணம், சைவ உணவு விவரம் இருக்கும். செப்டம்பரில் புதிதாக வருபவர்களுக்காக, ஊரில் மளிகை எங்கே கிடைக்கும், பஸ் பாஸ் எப்படி எடுப்பது, மருத்துவரிடம் பதிவு செய்வது எப்படி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தொடர் வரும்." இதற்கு நாற்பத்தொரு சொல்தான் ஆனது. மீதியில் உங்களுக்கு என்ன தெரியும் என்று சொல்லுங்கள்: படம் எடுப்பீர்களா, வீடியோ வெட்டி ஒட்டுவீர்களா, தமிழில் பிழையில்லாமல் தட்டச்சு செய்வீர்களா? கடைசியாகச் சொன்னது எல்லாருக்கும் வராது, அதனால் தயங்காமல் எழுதுங்கள்.

"பின்தொடர்பவர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவேன்" என்று எழுதாதீர்கள். அந்த எண் உங்கள் கையில் இல்லை. அதோடு சங்கத்துக்கு அதனால் பெரிய பயனும் இல்லை. 2,000 பேர் பின்தொடரும் பக்கம் நடத்தும் விழாவுக்கு நாற்பது பேர் வருவதும், 400 பேர் பின்தொடரும் பக்கத்தின் விழாவில் அரங்கு நிறைவதும் நடக்கிற காரியம். பள்ளி மாணவர்கள், படித்து முடித்துப் போனவர்கள், வேறு ஊர்ச் சங்கங்கள் எல்லாரும் அந்த எண்ணில் அடக்கம். எத்தனை பேர் இணைப்பைத் தட்டினார்கள், எத்தனை பேர் பதிவை இன்னொருவருக்கு அனுப்பினார்கள், வாசலில் எத்தனை தலை என்ற மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். நிகழ்ச்சி வாசலில் டிக்கெட் சரிபார்ப்பவரிடம் "எங்கே பார்த்து வந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்கச் சொன்னால், எந்த அலசலிலும் கிடைக்காத விவரம் கிடைக்கும்.

கேள்வி: வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்களுடன் "மீண்டும் வேட்புமனு" என்றும் ஒரு வரி இருக்கிறது. 1, 2, 3 என்று எண் போடச் சொல்கிறார்கள். எண்ணுவது எப்படி? தனியாக நின்றால் வெற்றி உறுதிதானே?
– மாணவி, மான்செஸ்டர்

பதில்: தனியாக நின்றாலும் உறுதியில்லை. "மீண்டும் வேட்புமனு" என்பதும் ஒரு வேட்பாளர் மாதிரிதான். ஆங்கிலத்தில் அது Re-Open Nominations, அதைச் சுருக்கி "ரான்" (RON) என்று கூப்பிடுவார்கள். உங்களைவிட ரானுக்கு அதிக வாக்கு விழுந்தால் தேர்தலைத் திரும்ப நடத்துவார்கள். ஆகவே போட்டியில்லை என்று பேச்சுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

எண்ணிக்கையை ஒரு கணக்காகப் பார்க்கலாம். செல்லத்தக்க வாக்கு 61. வெற்றிக்குப் பாதிக்கு மேல், அதாவது 31 வேண்டும். முதல் விருப்பத்தில் முதலாமவருக்கு 26, இரண்டாமவருக்கு 21, மூன்றாமவருக்கு 11, ரானுக்கு 3. யாருக்கும் 31 இல்லை. கடைசியில் இருக்கும் ரான் வெளியேறும். அந்த மூன்று சீட்டுகளில் 2 என்று யாருக்கு எண் போட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு சீட்டு இரண்டாமவருக்கு. ஒன்றில் வேறு எண்ணே இல்லை, அது கணக்கிலிருந்து விழுந்துவிடும். இப்போது 26, 23, 11. அடுத்து மூன்றாமவர் வெளியேறுகிறார். அவருடைய 11 சீட்டுகளில் எட்டு இரண்டாமவருக்கும் இரண்டு முதலாமவருக்கும் போகின்றன, ஒன்று வீண். முடிவு: முதலாமவர் 28, இரண்டாமவர் 31. முதல் சுற்றில் பின்தங்கியவர் ஜெயித்துவிட்டார்.

இதிலிருந்து வேட்பாளருக்கு ஒரு வேலை வருகிறது. "நான் என் சிநேகிதிக்குத்தான் போடுவேன்" என்று சொல்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளாமல், "சரி, இரண்டாவது எண்ணை எனக்குப் போடுங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை.

கூட்டத்தில் பேச ஒரு நிமிடம் அல்லது இரண்டு நிமிடம் தருவார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 ஆங்கிலச் சொல் கணக்கு. தமிழில் சொற்கள் நீளம் என்பதால் 150 போதும். எந்த மொழியில் பேசுவது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். லண்டனில் பிறந்து வளர்ந்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், சென்னையிலிருந்து வந்தவர், சிங்கப்பூர்க்காரர் எல்லாரும் அமர்ந்திருக்கும் அறை அது. வணக்கமும் முதல் வாக்குறுதியும் தமிழில், மீதி ஆங்கிலத்தில் என்பது நன்றாக எடுபடுகிறது.

கேள்வி: நான் மதுரையிலிருந்து ஓராண்டு எம்.எஸ்ஸி. படிக்க வந்திருக்கிறேன். மார்ச்சில் நடக்கும் தேர்தலில் நிற்கலாமா? இந்தப் பொறுப்பு விசாவின் 20 மணி நேர வேலைக் கணக்கில் சேருமா?
– மாணவர், கிளாஸ்கோ

பதில்: மார்ச் தேர்தல் அடுத்த கல்வியாண்டுக்கான செயற்குழுவுக்கு. செப்டம்பரில் உங்கள் படிப்பு முடிந்துவிடுமே! அடுத்த ஆண்டும் பதிவு பெற்ற மாணவராக இருப்பவர்தான் நிற்கலாம் என்று பெரும்பாலான விதிமுறைகள் சொல்லும். ஓராண்டுப் படிப்புக்காரர்களுக்கு ஏற்ற நேரம் அக்டோபர். அப்போது காலியாகக் கிடக்கும் இடங்களுக்கு இடைத்தேர்தல் வரும். முதுநிலை மாணவர் பிரதிநிதி இடமும் சமூக ஊடக இடமும் அடிக்கடி காலியாக இருக்கும். ஊரிலிருந்து விமானம் ஏறும் முன்பே சங்கத்துக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள் என்று அடுத்த ஆண்டு வரப்போகிற உங்கள் ஜூனியர்களிடம் சொல்லுங்கள். இந்த ஆண்டு நீங்கள் செயற்குழுவுக்கு உதவியாளராகச் சேரலாம், அதற்குத் தேர்தல் தேவைப்படாது.

விசா விஷயம். பட்டப்படிப்பு அளவிலான மாணவர் விசாவில் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். சங்கப் பொறுப்பு சம்பளமில்லாத தன்னார்வப் பணி, அதனால் இந்தக் கணக்கில் வராது. ஆனால் சுயதொழில் செய்ய மாணவர் விசாவில் அனுமதி கிடையாது. ஓர் உணவகம் உங்கள் சொந்தப் பக்கத்தில் ரீல் போடச் சொல்லி உங்களுக்குக் காசு கொடுத்தால் அது சுயதொழில் ஆகிவிடும். "சங்கப் பக்கத்தை நன்றாகச் செய்கிறீர்கள், எங்கள் கடைக்கும் செய்யுங்கள்" என்று இந்த வாய்ப்பு தானாகத் தேடி வரும். வாங்குவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் ஆலோசகரிடம் போய்க் கேளுங்கள். அந்த ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: எனக்காகப் பிரச்சாரம் செய்ய நண்பர்கள் தயார். செய்யக்கூடாதது என்ன?
– மாணவர், கவென்ட்ரி

பதில்: வேட்பாளர்கள் தகுதி இழப்பது பெரும்பாலும் நண்பர்கள் ஆர்வக்கோளாறில் செய்வதால்தான். வாக்களிக்கும் இணைப்பைத் திறந்து ஒருவர் கையில் போனைக் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்ப்பது, அல்லது அவர் போனை வாங்கி நாமே தட்டுவது, இரண்டும் கூடவே கூடாது. வாக்கு ரகசியமானது. சங்கத்தின் பக்கத்திலிருந்தோ சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலிலிருந்தோ உங்களுக்கு வாக்கு கேட்பது அடுத்த தவறு. நீங்கள் ஏற்கெனவே செயற்குழுவில் இருந்து, கடவுச்சொல் உங்களிடம் இருந்தால் இது இன்னும் கவனிக்க வேண்டியது. செலவு வரம்பு இருந்தால் நண்பர் வாங்கித் தந்த சமோசாவும் உங்கள் செலவில்தான் ஏறும். ரசீது எடுத்துவையுங்கள். நண்பர்களிடம் இதையெல்லாம் வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள், ஒரு செய்தியாக எழுதி அனுப்பிவிடுங்கள். புகார் வந்தால் நீங்கள் எச்சரித்ததற்கு அது சான்றாகவும் இருக்கும்.

கேள்வி: போஸ்டரில் தமிழ் எழுத்துகள் உடைந்து போகின்றன. "பொங்கல்" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் தனியாக நிற்கிறது. சில நேரம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. என்ன செய்வது?
– சமூக ஊடகப் பொறுப்புக்கு நிற்பவர், லண்டன்

பதில்: நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனி நோய்கள்.

முதல் நோய்: எழுத்துகள் சரியான யூனிகோடில்தான் இருக்கின்றன, மென்பொருளுக்கு அவற்றைச் சேர்த்து அடுக்கத் தெரியவில்லை. "பொ" என்பது கணினிக்குள் "ப" என்ற எழுத்தும் "ஒ" குறியும்தான். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் போன்றவற்றின் பல பதிப்புகளில் இந்த வேலையைச் செய்யும் அமைப்பு தனியாக இருக்கிறது. விருப்பங்களில் எழுத்துப் பகுதிக்குப் போய், உலக மொழிகளுக்கான அல்லது தெற்காசிய மொழிகளுக்கான அடுக்கியைத் தேர்வு செய்யுங்கள். அதன்பின் புதிதாகத் திறக்கும் கோப்பில் சரியாக வரும். பழைய கோப்பில் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்துப் பத்தி அமைப்பிலும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது நோய்: யாரோ பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்கள். இலங்கைத் தமிழர்களிடையே பாமினி நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பதால், ஊர் அமைப்புகளிடமிருந்து வரும் அறிவிப்புகளில் இதை நிறையப் பார்க்கலாம். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். எழுத்துருவை மாற்றியதும் அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை முழுக்க வாசியுங்கள். ஆங்கிலப் பெயரும் எண்ணும் கலந்து வந்த இடங்களில் தப்பு விழும்.

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பலூ தம்பி ஆகியவை இலவச யூனிகோடு எழுத்துருக்கள். தலைப்புக்குப் பலூ தம்பி, விவரத்துக்கு முக்தா மலர் என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழுக்கு ஆங்கிலத்தைவிட அதிக வரி இடைவெளி தேவை. எழுத்தின் அளவைப் போல ஒன்றரை மடங்கு வைத்தால் மேல்வரியின் "ழு"வும் கீழ்வரியின் "றீ"யும் இடித்துக்கொள்ளாது.

அளவையும் சொல்லிவிடுகிறோம். பதிவுக்கு 1080 × 1350 பிக்சல், ஸ்டோரிக்கு 1080 × 1920. ஸ்டோரியில் மேலே 250 பிக்சல், கீழே 340 பிக்சல் எழுத்தில்லாமல் விடுங்கள். அந்த இடங்களைக் கணக்கின் பெயரும் பதில் அனுப்பும் பெட்டியும் மறைத்துவிடும். பதிவின் விளக்கத்தில் ஒட்டும் இணைப்பு இன்ஸ்டாகிராமில் வேலை செய்யாது. தட்டினால் ஒன்றும் நடக்காது. டிக்கெட் இணைப்பைச் சுயவிவரத்தில் வையுங்கள், அல்லது ஸ்டோரியில் இணைப்பு ஸ்டிக்கராகப் போடுங்கள். பார்வையற்றவர்களின் போன் படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பகமாக வாசிக்காது, ஆகவே தேதியையும் இடத்தையும் விளக்கத்திலும் மறுபடி எழுத வேண்டும். இதை ஒரு சலுகையாக நினைக்காதீர்கள். அவர்களும் கட்டணம் கட்டிய உறுப்பினர்கள்.

கேள்வி: ஜெயித்துவிட்டேன். ஆனால் சங்கத்தின் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. கடவுச்சொல் இருக்கிறது, சரிபார்ப்பு எண் மட்டும் பழைய பொறுப்பாளரின் போனுக்குப் போகிறது. அவர் படித்து முடித்து ஊருக்குப் போய்விட்டார்.
– மாணவி, கார்டிஃப்

பதில்: இந்தப் பொறுப்பில் அதிகம் நடக்கிற விபத்து இதுதான். பிரிட்டிஷ் சிம்மை அவர் நிறுத்திவிட்டால் அந்த எண் சில மாதத்தில் வேறு ஒருவருக்குப் போய்விடும். நாள் கடத்தாதீர்கள். அவர் போனில் கணக்கு இன்னும் திறந்திருக்கும் வாய்ப்பு அதிகம். திறந்திருந்தால் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடலாம்.

அவரை வீடியோ அழைப்பில் பிடியுங்கள். வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் கணக்கின் மின்னஞ்சலைச் சங்கத்தின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றச் சொல்லுங்கள். தனிநபர் மின்னஞ்சல் வேண்டாம், பல்கலைக்கழகம் உங்களுக்குத் தந்ததும் வேண்டாம். படிப்பு முடிந்தபின் அது மூடப்படும். அடுத்து அவருடைய போன் எண்ணை நீக்க வேண்டும். மூன்றாவதாக, இரட்டைச் சரிபார்ப்பை எஸ்.எம்.எஸ்.ஸிலிருந்து சரிபார்ப்புச் செயலிக்கு மாற்றி, உங்கள் போனிலும் தலைவர் போனிலும் அமைக்க வேண்டும். நான்காவது, போன் தொலைந்தால் உள்ளே நுழைவதற்காக அங்கே கிடைக்கும் மாற்று எண்களைத் தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுப்பது. இத்தனையும் முடிந்தபிறகுதான் கடவுச்சொல்லை மாற்றிப் பழைய கருவிகளிலிருந்து வெளியேற்ற வேண்டும். கடவுச்சொல்லை முதலிலேயே மாற்றினால் அவர் போனிலும் கணக்கு மூடி, இரண்டு பேருமே வெளியே நிற்பீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். சங்கத்தின் இன்ஸ்டாகிராம் கணக்கு அவருடைய சொந்த ஃபேஸ்புக் கணக்குடன் ஒரே கணக்கு மையத்தில் கட்டப்பட்டிருக்கலாம். அதைப் பிரிக்காவிட்டால் நீங்கள் மாற்றியது பயனில்லாமல் போகும். ஃபேஸ்புக் பக்கத்துக்கு எப்போதும் இரண்டு பேரை முழு நிர்வாகிகளாக வையுங்கள். போஸ்டர் வார்ப்புருக்கள் அவருடைய கேன்வா கணக்கில் இருந்தால், பகிரச் சொல்லி உங்கள் பக்கம் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவரைப் பிடிக்கவே முடியவில்லை என்றால்? முகத்தை வீடியோ எடுத்துக் கணக்கை மீட்கும் வழி, தன் படங்கள் உள்ள தனிநபர் கணக்குக்குத்தான் உதவும். சங்கக் கணக்குக்குப் பயன்படாது. கணக்கு தொடங்கிய மின்னஞ்சலும் தொடங்கிய போனின் வகையும் தெரிந்தால் இன்ஸ்டாகிராமுக்கு எழுதிப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் அதில் செலவிடாதீர்கள். புதிய கணக்கு திறந்து, யூனியன் இணையதளத்தில் உள்ள இணைப்பை மாற்றச் சொல்லுங்கள். மற்ற தமிழ்ச் சங்கங்களிடம் கூட்டுப் பதிவு கேட்டால், ஒரே பதிவு இரண்டு பக்கங்களிலும் தெரியும். இவை செப்டம்பரில் புதிய மாணவர்கள் வருவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எனது மகள் முதலாம் வருடம் படிக்கிறாள். இந்தப் பொறுப்புக்குக் கேட்கப் போகிறேன் என்கிறாள். படிப்பு குழம்பாதோ? எத்தனை மணித்தியாலம் போகும்? பிள்ளைகளின் படங்களை எல்லாம் போடுவது பற்றியும் யோசனையாக இருக்கிறது.
– ஒரு தந்தை, ஹாரோ

பதில்: சாதாரண வாரத்தில் நான்கைந்து மணித்தியாலம். தீபாவளி வாரத்தில் அது இரண்டு மடங்காகும். கவனிக்க வேண்டியது தைப்பொங்கல். ஜனவரி நடுவில் அது வரும். பல பல்கலைக்கழகங்களில் அதே வாரங்களில்தான் பரீட்சை. டிசம்பர் விடுமுறைக்கு முன்பே பொங்கல் போஸ்டர், நினைவூட்டல் பதிவுகள் எல்லாவற்றையும் செய்து, நேரம் குறித்துத் தானாக வெளியாக வைத்துவிட்டால் பரீட்சை நேரத்தில் போனைத் தொடத் தேவையில்லை. இன்ஸ்டாகிராமிலேயே அந்த வசதி இருக்கிறது. வேலையைப் பகிர இரண்டு பேர் கொண்ட உபகுழு கேட்கலாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

படங்களைப் பற்றி நீங்கள் யோசிப்பது நியாயம். நிகழ்ச்சி வாசலில் "இங்கே படம் எடுக்கப்படும்" என்ற அறிவிப்பு இருக்க வேண்டும். படம் வேண்டாம் என்பவருக்கு ஒரு நிற ஸ்டிக்கர் கொடுத்து, படம் எடுப்பவரிடம் அந்த நிறத்தைச் சொல்லிவைக்க வேண்டும். ஒருவரை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம் என்றால் போடுவதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும். நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் அன்றே நீக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 17 வயதில் பல்கலைக்கழகம் வருபவர்கள் உண்டு. அங்கே இன்னும் கவனம் தேவை. வாட்ஸ்அப்பில் எல்லாரையும் ஒரே குழுவில் போட்டால் முன்பின் தெரியாத நூறு பேருக்குப் பிள்ளைகளின் தொலைபேசி எண் போய்விடும். வாட்ஸ்அப் சமூகத்தின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. மகள் பொறுப்புக்கு வந்தால் முதல் வாரமே அதற்கு மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: நவம்பர் 27 மாவீரர் நாள் நினைவு நிகழ்வின் படங்களைச் சங்கப் பக்கத்தில் போடலாமா?
– மாணவர், லண்டன்

பதில்: நினைவு கூர்வதற்குத் தடை இல்லை. ஆனால் விடுதலைப் புலிகள் அமைப்பு 2001 முதல் பிரிட்டனின் தடைப்பட்டியலில் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட அமைப்புக்கு ஆதரவு என்ற நியாயமான சந்தேகம் எழும் விதத்தில் அதன் கொடியையோ சின்னத்தையோ பொது இடத்தில் காட்டுவது 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம் 13ஆம் பிரிவின்படி குற்றம். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப்பட்ட படத்தை வெளியிடுவதும் அதில் சேரும். கூட்டத்தின் பின்னால் யாரோ பிடித்திருக்கும் கொடி படத்தில் விழுந்தாலும், வெளியிட்டவர் நீங்கள்தான். எனவே ஒவ்வொரு படத்தின் மூலைமுடுக்கையும் பெரிதாக்கிப் பார்த்தபின் போடுங்கள். யூனியன்கள் அறக்கட்டளைச் சட்டத்துக்கும் உட்பட்டவை. நிகழ்வு அனுமதி, பதிவின் வாசகம் இரண்டையும் முன்னதாகவே யூனியன் அலுவலரிடம் காட்டி, எழுத்தில் பதில் வாங்கிவையுங்கள். வீட்டில் இழப்பு உள்ளவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள். அன்றைய தினம் விருந்து டிக்கெட் விளம்பரம் எதுவும் தானாக வெளியாகாதபடி, குறித்துவைத்த பதிவுகளை ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து ஒரு பேச்சாளர் இணையவழி பேசினார். நாங்கள் போட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். பிழை யாருடையது?
– செயற்குழு உறுப்பினர், லீட்ஸ்

பதில்: கடிகாரத்துடையது. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். மார்ச் கடைசி ஞாயிறன்று முன்னால் வைக்கிறார்கள். கோடையில் இந்திய நேரத்துக்கும் பிரிட்டன் நேரத்துக்கும் வித்தியாசம் நான்கரை மணி. குளிர்காலத்தில் ஐந்தரை மணி. மார்ச் நடுவில் பேசி, ஏப்ரல் நிகழ்ச்சிக்குப் பழைய ஐந்தரை மணிக் கணக்கிலேயே அவரிடம் இந்திய நேரத்தைச் சொல்லியிருப்பீர்கள். அறிவிப்பில் இரண்டு ஊர் நேரத்தையும் போடுங்கள்; பேச்சாளருக்கு நாட்காட்டி அழைப்பு அனுப்பினால் அது தானே சரிசெய்துகொள்ளும். இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றுதான்.

கேள்வி: ஐந்து வாக்கில் தோற்றுவிட்டேன். பேச்சை நன்றாகத்தான் தயாரித்தேன். இனி என்ன செய்யலாம்?
– மாணவி, ஷெஃபீல்ட்

பதில்: வருத்தமாகத்தான் இருக்கும். இரண்டு நாள் போகட்டும். பிறகு சுற்றுவாரியான வாக்கு விவரத்தை யூனியனிடம் கேட்டு வாங்குங்கள். பல யூனியன்கள் தரும். இரண்டாம் விருப்பங்கள் எங்கே போயின என்று அதில் தெரியும். வென்றவருக்கு ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பி, செப்டம்பர் வரவேற்பு வாரத்துக்கு ரீல்கள் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் பத்துப் பதினைந்து பதிவு தேவைப்படும், தனியாக யாராலும் முடியாது. உங்கள் அறிக்கையில் இருந்த புதுமாணவர் வழிகாட்டித் தொடருக்குச் செயற்குழு சம்மதித்தால், அதை ஜூலையிலேயே எழுதத் தொடங்கலாம். அக்டோபர் இடைத்தேர்தலுக்கான அறிவிப்பு செப்டம்பர் கடைசியில் யூனியன் இணையதளத்தில் வரும். அதற்குள் உறுப்பினர் கட்டணத்தைப் புதிய ஆண்டுக்குப் புதுப்பித்துவிடுங்கள். பழைய ஆண்டு கட்டியது அப்போது செல்லாது.